கண்ணாயி வாங்கிய சுங்கம்

அற்புதம் டீச்சருக்கு ஒரு வியாதி இருந்தது. பாடத்தைப் புத்தகத்துக்குள் இருக்க விடமாட்டாள். தராசு என்று வந்தால் மளிகைக் கடையிலிருந்து தராசு வந்தாக வேண்டும்; போர் என்று வந்தால் பெஞ்சுகள் புரண்டாக வேண்டும். "இது பள்ளிக்கூடமா, கூத்துக் கொட்டகையா?" என்று தலைமை ஆசிரியர் வாரத்துக்கு ஒரு முறையாவது கேட்பார். அவளும் சிரிப்பாள், அடுத்த வாரம் மறுபடியும் பெஞ்சுகள் புரளும்.

ஆத்தூரில் பிறந்தவள். நாகலூர்ப் பக்கத்து நடுநிலைப் பள்ளியில் முதல் வேலை கிடைத்து மலையேறினாள். குளிரையும் அட்டைக்கடியையும் தாங்காமல் சீக்கிரமே மாற்றல் வாங்கிக்கொண்டு ஓடிவிடுவாள் என்று ஊரே எதிர்பார்த்தது. பதினோரு வருஷம் ஓடிவிட்டது, அவள் ஓடவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் யாரும் மலையேறத் தயாராக இல்லை, அவள் மலையிறங்கத் தயாராக இல்லை. அப்படியே கல்யாணப் பேச்சும் நின்றுபோனது.

எண்பத்தாறாம் வருஷம் கார்த்திகை மாதம். ஏழாம் வகுப்புக்குப் பழைய காலத்து அரசுகளின் வணிகம் பற்றிய பாடம். புத்தகத்தில் இரண்டே வரி: 'வணிகம் செழித்தது. அரசின் வருவாய் பெருகியது.' அற்புதத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "செழிச்சதுன்னா எப்படிச் செழிச்சுது? மழை பேஞ்சு செழிச்சுதா?" என்று புத்தகத்தையே கேட்டாள்.

பெஞ்சுகள் நகர்ந்தன. நடுவில் கடல். ஒரு பக்கம் குதிரை கொண்டுவரும் அரபு வணிகர்கள், மறுபக்கம் மிளகும் துணியும் சந்தனமும் கொண்டுவரும் நம்மவர்கள். துறைமுகத்தில் ராஜாவின் ஆளாகக் கண்ணாயி உட்கார்ந்தாள். மலையாளி என்னும் மலைக்குடியைச் சேர்ந்த குடியானவர் வெள்ளையனின் மகள். அவள் பக்கத்தில் காவலுக்குப் பூவாயி. எஸ்டேட் கூலிகள் குடியிருக்கும் லைன் வீட்டுப் பிள்ளை, அம்மா இல்லாதவள். இந்த இரண்டு பேரும் ஒரே புத்தகத்தை வைத்துப் படிக்கிறவர்கள். போகிற சரக்கிலும் வருகிற சரக்கிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து வைத்துக்கொண்டே வந்த கண்ணாயிக்கு, மணியடிக்கும் முன்னே விஷயம் பிடிபட்டுவிட்டது.

"ஏனுங்க டீச்சர், வெளைய வெச்சவனும் பணக்காரன் ஆவுல, சொமந்தவனும் ஆவுல. வழியில குந்திக்கிட்டிருந்தவன்தான் ஆயிருக்கானுங்க!"

அற்புதத்துக்கு உச்சி குளிர்ந்துபோனது. "அதுதான் சுங்கம், கண்ணு. ஆனா சும்மா வாங்குனா அது வழிப்பறி. பாதையைப் போட்டு, திருட்டுப் பயமில்லாம காத்துக் குடுத்து வாங்கணும்" என்றாள். அதோடு விட்டிருக்கலாம். வியாதி விடுமா? "உங்க ஊர்ப் பாதையில ராஜா இருந்தா எங்க சாவடி போடுவாரு? யோசிச்சுட்டு வாங்க" என்று வீட்டுப்பாடமும் கொடுத்து அனுப்பினாள்.

யோசிப்பதோடு நிற்கிற பிள்ளைகளா அவை? ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போகிறவர்கள் ஏறும் ஒற்றையடிப் பாதையில், சனிக்கிழமையே கண்ணாயியும் பூவாயியும் உண்ணிச்செடியை வெட்டி, காலை இடறும் கல்லையெல்லாம் புரட்டி ஓரத்தில் போட்டார்கள். ஞாயிறு விடிகிற நேரத்தில் குறுக்கே ஒரு மூங்கிலைக் கட்டி நின்றுகொண்டார்கள். கூடைக்காரர்களுக்கு ஒரே சிரிப்பு. "சின்ன ராணிக்குச் சுங்கமா சாமி!" என்று ஆளுக்கு ஓர் ஆரஞ்சு, ஒரு கொய்யா, ஒரு பிடி மொச்சை போட்டுவிட்டுப் போனார்கள்.

அவர்களுக்கெல்லாம் முன்னால், மூடுபனி கலையாத நேரத்தில், சாக்கை முக்காடாகப் போட்டுக்கொண்டு முதுகில் கட்டோடு ஓர் ஆள் வந்தான். மூங்கிலைப் பார்த்துத் திகைத்து நின்றான். பிறகு கட்டிலிருந்து ஒரு துண்டை உருவிக் கண்ணாயி கையில் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் குனிந்து நுழைந்து போய்விட்டான்.

திங்கட்கிழமை அந்தத் துண்டு வகுப்புக்கு வந்தது. ஒரு முழம்கூட இல்லாத கட்டை. அற்புதம் மோந்து பார்த்தாள். சந்தனம். சந்தன மரம் யார் தோட்டத்தில் நின்றாலும் சர்க்கார் மரம் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் நாற்பது பிள்ளைகளும் வாயைப் பிளந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்படி ஒரு வகுப்பு எந்த வாத்தியாருக்கும் எப்போதாவதுதான் வாய்க்கும். "இதைத்தான் கப்பல்ல ஏத்துனாங்க. கடலுக்கு அந்தப் பக்கம் இதுக்குத் தங்கம் குடுத்தாங்க" என்று சொல்லி, கட்டையைக் கைக்குக் கை சுற்றவிட்டாள். சாயங்காலம் கண்ணாயியிடமே திருப்பிக் கொடுத்து, "பத்திரமா வெச்சுக்க" என்றும் சொன்னாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது என்பார்களே, அதுதான். விட்டது இன்னொருத்தன் மடியில்.

வியாழக்கிழமை காலையில் பாரஸ்ட்காரர்கள் வந்தார்கள். காட்டோரம் நான்கு சந்தன மரம் வெட்டுப்பட்டிருந்தது. வீடு வீடாகப் புகுந்து தேடியதில், வெள்ளையன் வீட்டுச் சாமி மாடத்தில் அந்தத் துண்டு இருந்தது. கண்ணாயியின் அம்மா அதில் கொஞ்சம் இழைத்து நெற்றியிலும் வைத்திருந்தாள். வெள்ளையனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

கண்ணாயி அன்றைக்குப் பள்ளிக்கு வரவில்லை. சேதி கேட்டதும் அற்புதம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு, ஒண்டிக்கடைப் பக்கம் இருக்கும் ரேஞ்சர் ஆபீசுக்குக் கிளம்பினாள். அவளுக்குப் பயம் இருந்தது, ஆனால் நம்பிக்கை அதைவிட அதிகம் இருந்தது. நடந்ததை நடந்தபடி சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்?

பஸ் நிற்கும் இடத்துக்குப் பூவாயி பின்னாலேயே ஓடி வந்தாள். மூச்சு இரைத்தது.

"டீச்சர், கட்டை சொமந்துக்கிட்டு வந்தது எங்கப்பனுங்க."

யார் காதிலாவது விழுந்துவிட்டதா என்று அற்புதம் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"முக்காடு போட்டிருந்துச்சு, கண்ணாயிக்கு அடையாளம் தெரியல. எனக்குத் தெரிஞ்சுதுங்க. யாரோ லாரிக்காரன் ஒரு நாளைக்கு மட்டும் தூக்கியான்னு சொன்னானாம். அப்பனைப் புடிச்சுக்கிட்டுப் போயிட்டா தம்பிக ரெண்டும் நானும் எங்கீங்க போவோம்? லைன் ஊட்டையும் காலி பண்ணச் சொல்லிருவாங்க. ஆனா கண்ணாயி அப்பன் பாவமுங்க. நொம்பப் பாவமுங்க. நீங்களே பாத்து எதையாச்சும் சொல்லுங்க டீச்சர். எனக்கு முடியலீங்க."

சொல்லிவிட்டுத் திரும்பி ஓடிவிட்டாள். பாரம் இறங்கிய காலோடு ஓடினாள். பஸ் வந்தது, அற்புதம் ஏறினாள். பூவாயியின் அப்பன் பெயர் மூக்கன். ஒண்டிக்கடை வருகிற வரைக்கும் அந்தப் பெயரையே மனசுக்குள் உருட்டிக்கொண்டு வந்தாள்.

ரேஞ்சர் நல்ல மனுஷன்தான். உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். அவள் பாடத்திலிருந்து தொடங்கினாள். துறைமுகம், சுங்கம், மூங்கில், ஆரஞ்சு, வகுப்பில் சுற்றிய கட்டை, எல்லாம் சொன்னாள். சொல்லச் சொல்ல அது அவள் காதுக்கே கதையாகக் கேட்டது.

"அந்தக் கட்டை என் கையிலதான் சார் இருந்துச்சு. நான்தான் பத்திரமா வெச்சுக்கன்னு குடுத்தேன். வேணும்னா என் மேல கேஸ் போடுங்க."

ரேஞ்சர் சிரித்தார். கேலியாகக்கூட இல்லை, களைப்பாகச் சிரித்தார். "டீச்சர் மேல கேஸ் போட்டு நாலு மரத்துக்குக் கணக்குக் காட்ட முடியுமா? எவன் வீட்டுல கிடைச்சுதோ அவன் மேலதான். மேல இருக்கறவங்க ஆள் எங்கேன்னு கேக்கறாங்க. இன்னும் அரை மணியில இவனைச் சேலம் கோர்ட்டுக்கு அனுப்பணும்." பிறகு மேசைமேல் சாய்ந்து, குரலைத் தணித்தார். "புள்ளைங்க அந்த ஆளைப் பாத்திருக்குதுங்க இல்ல? பேரை மட்டும் சொல்லுங்க. இவனை இப்பவே உங்ககூட அனுப்பி வெக்கறேன்."

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். இங்கே ஏறுவதற்கு ஒரே ஒரு சொல் இருந்தது. அது ஏறினால் பூவாயியின் வீடு தெருவில் நிற்கும், ஏறாவிட்டால் கண்ணாயியின் வீடு நிற்கும். வெட்டச் சொன்ன லாரிக்காரனைப் பற்றி இந்த மேசையில் யாரும் கேட்கக்கூட இல்லை. அற்புதம் வாயைத் திறந்தாள். இரண்டு தலைகள் ஒரே புத்தகத்தின் மேல் குனிந்திருப்பதுதான் கண்முன் வந்தது. அவளுக்கு அழுகை முட்டியது.

"பனியில புள்ளைங்களுக்கு முகம் தெரியல சார்" என்றாள்.

ரேஞ்சர் டீயைக் காட்டினார். "ஆறிப்போவுது, குடிங்க."

குடிக்காமல் எழுந்து வெளியே வந்தாள். வராந்தாவில் துண்டை மடியில் போட்டுக் குத்தவைத்திருந்த வெள்ளையன், அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார். காலையிலிருந்து அவர் பார்த்த ஒரே தெரிந்த முகம் அது.

"எல்லாம் சொல்லிப்புட்டீங்களா டீச்சர்?"

"சொன்னேங்க."

"அப்பறம் என்னங்க பயம். டீச்சர் சொன்னா கேக்காம இருப்பாங்களா? கண்ணாயிதான் பயந்து கெடக்கும்." அவர் முகம் தெளிந்துவிட்டது. "பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க, நீங்க போங்க. இவுங்க உட்டதும் நான் ஓடியாந்தர்றேன். எனக்கும் ஒரு எடம் போட்டு வெய்யுங்க."

வாசலில் ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தான் டிரைவர். அற்புதம் அதைத் தாண்டி ஒண்டிக்கடைக்கு நடந்தாள். நாகலூர் பஸ் நின்றிருந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, கைப்பையைப் பக்கத்து இடத்தில் வைத்தாள். ஏன் வைத்தாள் என்று அவளுக்கே தெரியாது. பஸ் நிறைந்தது. நின்றுகொண்டிருந்த ஒரு பிள்ளைத்தாய்ச்சி அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கண்டக்டர் வந்து கேட்டான். "ஆள் வருதுங்களா டீச்சர்?"

அவள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.