காப்புக் கட்டும் முன்

அய்யாக்கண்ணு வாயைத் திறந்தால் முதல் வார்த்தையே ‘அந்தக் காலத்துல’ என்றுதான் விழும். உடையார்பாளையத்தை ஒட்டிய அந்த ஊரில் மாரியம்மன் திருவிழாவுக்கு வருசா வருசம் ஊர்க்காரர்களே பேசுகிற பட்டிமன்றம் உண்டு. வாழ்க்கை சிறந்திருந்தது அந்தக் காலத்திலா, இந்தக் காலத்திலா? தலைப்பை மாற்ற யாருக்கும் தோன்றியதில்லை. அய்யாக்கண்ணு எந்தப் பக்கம் என்று கேட்கவே வேண்டாம். கம்பங்கூழ் குடித்தவன் கல்லை உடைத்தான், பரோட்டா தின்கிறவன் மாத்திரையைத்தான் உடைக்கிறான் என்பான். சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். அப்படிப் பேசுகிற மகராசன்தான் ஃபிரிட்ஜில் தண்ணீர் வைக்கவில்லையென்று போன வாரம் பெண்டாட்டி சிந்தாமணியோடு மல்லுக்கட்டினான் என்பது அவன் அக்காள் பஞ்சவர்ணத்துக்குத் தெரியும்.

கைதட்டல் அதிகம் வாங்குவது அவனுடைய அம்மா கதை. கம்பங்கொல்லையில் களை வெட்டப் போன இடத்தில் அம்மா அவனைப் பெற்றாள். முந்தானையில் சுற்றித் தூக்கிக்கொண்டு நடந்தே வீட்டுக்கு வந்தாள், அன்று பொழுது சாய்வதற்குள் சோறாக்கி எல்லாருக்கும் போட்டாள். இதைச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்துவான். பிறகு மைக்கைப் பிடித்துக்கொண்டு, அம்மா ஒரு நாள்கூடக் குந்தி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை, அவ்வளவு சுறுசுறுப்பு என்று முடிப்பான். கேட்கிற பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். பஞ்சவர்ணம் மட்டும் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவாள்.

பஞ்சவர்ணத்துக்கு அறுபது தாண்டிவிட்டது. பெற்றது மூன்று, ஒன்றும் தங்கவில்லை. புருசன் போன பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டாள். சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிற பிறவி இல்லை. முந்திரிக்கொட்டை உடைக்கப் போய்க்கொண்டிருந்தாள். மூன்று வருசத்துக்கு முன் அதை விட்டுவிட்டாள். காரணம் கேட்ட தம்பியிடம் இடுப்பு வலி என்றாள்.

இடுப்பு வலி இல்லை அது. கர்ப்பப்பை கீழே இறங்கி வந்துவிட்டது. குந்தினால் வெளியே தள்ளும், இருமினால் தள்ளும். பழைய புடவையைக் கிழித்து உருண்டையாகச் சுற்றி வைத்துக் கட்டிக்கொண்டுதான் நடமாடினாள். இதைப் போய் ஓர் ஆம்பிளையிடம், அதுவும் கூடப் பிறந்தவனிடம் எந்த வாயால் சொல்வது? இடுப்பு என்று சொல்லி வைத்தாள். அவனும் பாவம், அக்காவுக்கு உளுந்தங்களி கிண்டிக் கொடு என்று சிந்தாமணியை ஏவினான், தைலம் வாங்கி வந்தான். அக்கா நின்றுகொண்டே எல்லா வேலையும் செய்வதைப் பார்த்து, அப்படியே அம்மா வார்ப்பு என்று பெருமை வேறு பேசினான்.

வீடு வீடாக வருகிற நர்சம்மா நர்மதாதான் விசயத்தைக் கண்டுபிடித்து, அவளை அரியலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். ஆபரேசன் செய்தால் சரியாகிவிடும் என்றார்கள். நாள் குறித்தார்கள். முதல் தடவை கடலை பறிப்பு, கை ஆள் இல்லை என்று போகவில்லை. இரண்டாவது தடவை மாடு கன்று போடுகிற நேரம். அய்யாக்கண்ணு பார்வையில் இடுப்பு வலி எங்கே போகப்போகிறது, மாடு காத்திருக்குமா? இந்தச் சித்திரையில் புண்ணாகி இரத்தம் கசிய ஆரம்பித்துவிட்டது. இனிமேல் தள்ளிப்போட்டால் நான் பொறுப்பில்லை என்று நர்மதா கறாராகச் சொல்லிவிட்டாள். புதன்கிழமை சேர வேண்டும், கூட ஒரு பொம்பளை ஆள் தங்க வேண்டும்.

அங்கேதான் வந்தது வினை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டு. காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடிகிற வரைக்கும் ஊர்க்காரர் யாரும் வெளியூரில் ராத்தங்கக் கூடாது. வெளியே இருக்க வேண்டியவர்கள் காப்புக்கு முன்பே கிளம்பி, காப்பு அவிழ்த்த பிறகுதான் ஊருக்குள் வர வேண்டும். கூட வர சிந்தாமணி தயார். ஆனால் புருசன் சொல்லாமல் திருவிழா வீட்டைப் போட்டுவிட்டு அவள் எப்படிக் கிளம்புவாள்?

செவ்வாய்க்கிழமை காலையில் அய்யாக்கண்ணு வாசலில் உலாத்திக்கொண்டு பட்டிமன்றப் பேச்சைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான். சிந்தாமணி மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். பஞ்சவர்ணம் வாசற்படியில் நின்று, சிந்தாமணியைக் கூட்டிக்கொண்டு மத்தியானம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பட்டுமா என்று கேட்டாள்.

“காப்புக்கட்டு அன்னிக்கு வூட்டப் போட்டுட்டுக் கெளம்புவாங்களாக்கா? இடுப்பு வலிக்கு இன்னும் எட்டு நாள் பொறுத்தா என்ன கொறஞ்சு போயிடும்? அம்மா ஒரு நாளாச்சும் ஆஸ்பத்திரி வாசல மிதிச்சுச்சா?”

சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தான். கம்பங்கொல்லை வந்தது, முந்தானை வந்தது, சோறும் வந்தது.

“அன்னிக்குச் சோறாக்குனது அம்மா இல்லடா. நான்.”

அவன் நின்றான். பஞ்சவர்ணம் குரலை உயர்த்தவில்லை, ஆனால் நிறுத்தவும் இல்லை. அன்றைக்கு அவளுக்கு எட்டு வயது. அம்மாவோடு கொல்லைக்குப் போயிருந்தாள். அம்மா நடந்து வரவில்லை. கட்டிலில் போட்டு நான்கு பேர் தூக்கி வந்தார்கள். பெற்ற உடம்போடு பத்தாம் நாளே மறுபடியும் களை வெட்டப் போனாள், போகாவிட்டால் கஞ்சி இல்லை. அடி இறங்கி, கர்ப்பப்பை வெளியே வந்துவிட்டது. அதற்குப் பிறகு சாகிற வரைக்கும் அவளால் குந்த முடியவில்லை. நின்றுகொண்டே பெருக்கினாள், நின்றுகொண்டே தின்றாள். துணி உருண்டையைத் துவைத்து யார் கண்ணிலும் படாமல் புடவைக்கு அடியில் காயப்போடுவது பஞ்சவர்ணத்தின் வேலை. சுறுசுறுப்பாம், சுறுசுறுப்பு!

“எனக்கும் அதேதான். இடுப்பு வலி இல்ல.”

அய்யாக்கண்ணு சிந்தாமணியைப் பார்த்தான். அவள் தலையை நிமிர்த்தாமல், தெரியுங்க என்றாள். வீட்டில் தெரியும், தெருவில் இருக்கிற பெண்களுக்கெல்லாம் தெரியும். பட்டிமன்றத்தில் அந்தக் கதையைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டவர்களில் பாதிப் பேருக்குத் தெரியும். தெரியாதவன் மைக் பிடித்தவன் ஒருவன்தான்.

அவமானமா ஆத்திரமா என்று பிரிக்க முடியாத ஏதோ ஒன்றில் அவன் முகம் கறுத்துப்போயிற்று. உள்ளே போனான். பஞ்சவர்ணத்துக்குப் பயம் பிடித்துக்கொண்டது. சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டோம், இனி இந்த வீட்டில் எப்படி முகம் கொடுத்து இருப்பது என்று படியிலேயே நின்றாள். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தான்.

“ரெண்டு மணி பஸ்ஸப் புடிப்போம். மூணு பேரும்தான்.”

மாட்டைப் பக்கத்து வீட்டில் சொல்லிக் கட்டினான். விழாக் கமிட்டியில் போய்ச் சொன்னபோது, ஒரு வாரம் கழித்துப் போகக் கூடாதா, பட்டிமன்றத்துக்கு யாரைத் தேடுவது என்று பிடித்துக்கொண்டார்கள். அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்பதற்கு மேல் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. அவ்வளவு சின்னப் பேச்சை அவன் வாயிலிருந்து ஊர் அதுவரை கேட்டதில்லை. காப்புக்கு மேளம் கொட்டுவதற்கு முன்பே மூவரும் ஊர் எல்லையைத் தாண்டிவிட்டார்கள்.

ஆபரேசன் நல்லபடியாக முடிந்தது. வார்டில் சிந்தாமணி கூட இருந்தாள். ஆம்பிளைகளுக்கு உள்ளே தங்க அனுமதியில்லை. அய்யாக்கண்ணு வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டான், பார்க்கிற நேரத்துக்கு மட்டும் உள்ளே வந்தான். பட்டிமன்றத்துக்கு மறுநாள் கமிட்டிக்காரர் போன் போட்டார். அந்தக் காலத்தின் பக்கம் உருப்படியாகப் பேச ஆளில்லாமல், இந்தக் காலமே சிறந்தது என்று தீர்ப்பாகிவிட்டதாம். அய்யாக்கண்ணுக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் வலிக்கவும் செய்தது.

சாயங்காலம் அதை அக்காவிடம் சொன்னான். பஞ்சவர்ணம் தலையணையில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். முகம் தெளிந்திருந்தது.

“அப்ப நீயும் இந்தக் காலந்தான் ஒசத்திங்கிறியாக்கா?” என்று கேட்டான். அவள் ஆமாம் என்றால் ஒத்துக்கொள்ளத் தயாராகத்தான் கேட்டான்.

பஞ்சவர்ணம் டம்ளரைக் கீழே வைத்தாள்.

“காலத்த வுடு. அம்மாவுக்கு ஆஸ்பத்திரி இல்ல. எனக்கு இருந்துச்சு. பஸ்ஸு ஏறுனா ஒரு மணி நேரத்துல எறங்குற தூரத்துல, நான் துணியக் கட்டிக்கிட்டுத் திரிஞ்ச மூணு வருசமும் இருந்துச்சு.”

பார்க்கிற நேரம் முடிந்தது, வெளியே போங்கள் என்று வார்டு அம்மா வந்து சத்தம் போட்டபோது, அய்யாக்கண்ணு கட்டில் கம்பியைப் பிடித்தபடி தலையைக் குனிந்து அழுதுகொண்டிருந்தான்.