குடுவையில் சொட்டு நின்ற மத்தியானம்

எழுபதுகளின் கடைசியில், கும்மிடிப்பூண்டியில் பெயின்டுக்கு ரெசின் என்கிற பிசின் காய்ச்சும் கம்பெனி ஒன்றில் நானும் என் தங்கை புருஷனும் ஒரே ஷிஃப்ட். அவனுக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்தது நான்தான். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

காய்ச்சுவது என்றால் வெறுமனே கொதிக்கவைப்பதல்ல. கெட்டில் என்கிற மூடிய இரும்புக் கொப்பரைக்குள் எண்ணெய்ச் சரக்கும் வெள்ளை அமிலத் தூளும் சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டும். ஒவ்வொரு ஒட்டுக்கும் ஒரு நீர் மூலக்கூறு கழன்றுகொள்ளும். சின்னது சின்னதோடு சேர்ந்து நீளச் சங்கிலியாகும். "உன் ஒடம்புல சதை வளர்றதும் இப்படித்தான்யா, தண்ணியக் கழிச்சிட்டுத்தான்" என்பார் கெமிஸ்ட். உடம்பு சத்தமில்லாமல் செய்வதை நாங்கள் நெருப்பு வைத்துச் செய்தோம். அந்தக் கெட்டிலைக் கண்டாலே எனக்குப் பயம்.

கழன்ற நீர் ஆவியாகிக் குழாய் வழியே வந்து, குளிர்ந்து, கீழே கண்ணாடிக் குடுவையில் சொட்டும். எவ்வளவு நீர் சேர்ந்ததோ அவ்வளவு ஒட்டியது என்று கணக்கு. அந்தப் பக்கம் யார் போனாலும் குடுவையைக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

அன்று மத்தியானம் சொட்டு நின்றது. குடுவை பாதிகூட நிறையவில்லை.

"இன்னும் ஒட்டவே இல்ல மச்சான், சூடு பத்தல" என்றான் கெட்டில் மேடையில் நின்றிருந்த தங்கை புருஷன். எல்லோருமே அப்படித்தான் நினைத்தோம். பர்னரைக் கூட்டினோம். சொட்டவில்லை. மறுபடி கூட்டினோம். மேடை லேசாக அதிர்ந்தது.

"இன்னா பேஜாரு இது. மூடியத் தொறந்து பதம் பாத்துக்கினு சொல்றேன்" என்றான். கம்பியில் தொட்டு, விரலிடையே இழுத்து, வெல்லப்பாகுக்குப் பார்ப்பதுபோல நூல் பார்ப்பது எங்கள் வழக்கம்.

நான் குழாயில் கை வைத்தேன். ஆவி ஓடினால் தொடவே முடியாத குழாய், ஆறிக் கிடந்தது. அமிலத் தூள் ஆவியோடு போய் உறைந்து வழியை அடைத்துவிட்டது. ஒட்டாமல் இல்லை, கழன்ற நீர் அத்தனையும் ஆவியாக உள்ளேயே முட்டிக்கொண்டிருந்தது.

"மாப்ள, தொடாத! எறங்கி வா!" என்று கத்தினேன். கெட்டிலுக்குள் சுழலும் கலக்கியின் இரைச்சலில் அவனுக்குக் கேட்கவில்லை. நான் கையைக் காலை ஆட்டியது வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும், என்னைப் பார்த்துச் சிரித்தான். சிரித்துக்கொண்டே கடைசி நட்டைத் திருகினான். மூடி கூரையில் போய் இடித்தது.

சாயங்காலம் அவன் வீட்டுக்கு நான்தான் போனேன். தங்கை வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைக்காமலே, "இன்னாண்ணா, நீ மட்டும் வர்ற?" என்றாள்.