அறுநூறு கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரம்

பக்கிரிசாமி ஆந்திராவில் இருக்கும் நகரியில் இருபத்தெட்டு வருஷமாக விசைத்தறி ஓட்டுகிறவர். மொட்டை மாடிக்குப் போவதென்றாலே சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறுகிற மனுஷன். அவரைக் கொண்டுபோய்த் திருப்பதி விமான நிலையத்தில் நிறுத்தியது அவருடைய ரத்தம்தான். எங்கே தேடினாலும் லேசில் கிடைக்காத வகை அது. விசாகப்பட்டினத்தில் இருக்கும் தங்கை வசந்தாவுக்கும் அதே ரத்தம். அவளுக்கு வயிற்றில் கட்டி. அன்று சாயங்காலமே ஆபரேஷன். அண்ணன் ரத்தம் வந்தால்தான் டாக்டர் கத்தியைத் தொடுவார்.

ரயிலில் போனால் பதினாலு மணி நேரம். விமானத்தில் அறுநூறு கிலோமீட்டரும் ஒன்றரை மணி நேரம்தான். டிக்கெட் போட்டுக் கொடுத்த தங்கை மகள் சந்தியா போனில் ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னாள்: "மாமா, பயப்படாம வா. பிரஷர் ஏறிச்சுன்னா ரத்தம் எடுக்க மாட்டாங்க."

அடிப்பாவி, அதைச் சொல்லாமல் இருந்திருக்கக் கூடாதா! அதுவரை அவருக்கு விமானத்தைக் கண்டுதான் பயம். அதற்குப் பிறகு பயத்தைக் கண்டும் பயம்.

விமானம் மேலே ஏறியது. கண்ணை இறுக மூடி "முருகா, முருகா" என்றார். போகப் போக இரைச்சல் ஒரே சீரானது. தறிச் சத்தத்திலேயே தூங்கிப் பழகினவர் கொஞ்சம் அடங்கினார். ஒரு மணி நேரம் போயிருக்கும். திடீரென்று சத்தம் தணிந்தது.

தறிக் கொட்டகையில் சத்தம் தணிந்தால் ஒரே அர்த்தம்தான். "ஐயோ, கரண்டு போச்சு!" என்று அலறி முன்சீட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அங்கே தறி நின்றால் டீ குடிக்கப் போகலாம். இங்கே எங்கே போவது? பக்கத்து சீட்டு அம்மாள், "இறங்கப் போறோங்க, அதான் மெதுவாக்கறாங்க" என்று சமாதானம் சொன்னார். தரையைத் தொட்ட பிறகும் பக்கிரிசாமி முன்சீட்டை விடவில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவர் கையில் பட்டை கட்டிப் பிரஷர் பார்த்தாள். நூற்று அறுபத்திநாலு. நூற்று நாற்பதைத் தாண்டினால் எடுக்க முடியாது என்றாள். அரை மணி உட்காரவைத்துப் பார்த்தாலும் நூற்று ஐம்பத்தெட்டு. மணி ஒன்றேகால். இரண்டுக்குள் எடுத்தால்தான் சோதனை முடிந்து சாயங்காலத்துக்குத் தயாராகும். "எனக்கொண்ணும் பயமில்லம்மா" என்று எல்லோரிடமும் பல்லைக் காட்டினார். என் தங்கையை நானே கொன்றுவிடுவேனோ என்று உள்ளே நடுங்கினார்.

கடைசியில் அவளைப் பார்க்க வேண்டும் என்றார். வெளுத்துப்போய்க் கிடந்த வசந்தா தலையைத் திருப்பினாள்.

"பிளேன்லயா வந்த? நீயா?"

"ஒண்ணரை மணி நேரந்தான். ஒண்ணும் தெரியல."

"பொய் சொல்லாதண்ணா. ராட்டினத்துல ஏறினதுக்கே வாந்தி எடுத்த ஆளு நீ."

அவ்வளவுதான், மனுஷன் உடைந்துபோனார். "செத்துட்டேன்னே நெனச்சேன், வசந்தா. இப்பவும் பயந்துக்கினுதான் இருக்கேன். என்னால உனக்கு ஏதாச்சும் ஆயிடுமோன்னு..." என்று விம்மி விம்மி அழுதார்.

"நானும் காலையிலேர்ந்து பயந்துக்கினுதான் இருக்கேன். யாராண்டயும் சொல்லல. கைய வுடாத."

பிடித்த கையை இருவரும் விடவில்லை. இருபது நிமிஷம் கழித்து நர்ஸ் அங்கேயே வந்து பட்டையைக் கட்டினாள். நூற்று முப்பத்தெட்டு. "ரண்டி" என்று தெலுங்கில் அவரை அவசரமாகக் கூப்பிட்டாள்.

அவர் எழுந்தார். வசந்தாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது.