தாய்மாமன் மடி

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இன்று மலேசியாவில், ஜொகூர் மாநிலத்து லாயாங் லாயாங்கில் என் பெயரில் ஐந்து லாரிகள் ஓடுகின்றன. சுற்றுவட்டாரத்தில் வெட்டுகிற செம்பனைக் குலையில் பாதி என் லாரியில்தான் எண்ணெய் ஆலைக்குப் போகிறது. பாதி இல்லை, கால்வாசி என்பாள் என் மனைவி. அவள் எப்போதும் குறைத்துத்தான் சொல்வாள்.

உடம்பையும் நானேதான் சம்பாதித்தேன். நூற்று நாற்பத்திரண்டு கிலோ. விருந்து என்றால் முதல் பந்தியில் முதல் இலை எனக்கு. பரிமாறுகிறவர்கள் வாளியோடு என் பக்கத்திலேயே நிற்பார்கள். அதை நான் மரியாதை என்றே எடுத்துக்கொண்டேன்.

எனக்கு ஒரே தங்கை, என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். கல்யாணமாகிப் பதினான்கு வருடம் கழித்து ஒரு பெண் குழந்தை பிறந்தது. பதினோராம் மாதம் காது குத்த நாள் பார்த்தார்கள். குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அந்தத் தாய்மாமன் நான் ஒருவன்தான். இருபத்தோரு தட்டு சீர் கொண்டுபோனேன். எங்கள் கோவில் மண்டபம் அப்படி ஒரு சீரைப் பார்த்ததில்லை.

எல்லாம் இருந்தது, மடிதான் இல்லை.

சம்மணம் போட முடியாததால் மணைக்கட்டையில் எப்படியோ உட்கார்ந்துவிட்டேன். வயிறு இறங்கி முட்டி மேல் உட்கார்ந்துகொண்டது. குழந்தையை வைத்தார்கள், வழுக்கிக்கொண்டு தரைக்கு வந்தாள். மறுபடி வைத்தார்கள், மறுபடி வழுக்கினாள். விளையாட்டு என்று நினைத்துக் கைகொட்டிச் சிரித்தாள். மூன்றாவது முறை, நகை ஆசாரி ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.

"ஐயா, இப்படி வழுக்கிட்டே போனா நான் காதுல குத்துறதா, கண்ணுல குத்துறதா?"

மண்டபமே சிரித்தது. என் சித்தப்பா மகன், எப்போதும் எனக்குப் போட்டியாக நிற்பவன், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தான். "அண்ணே, நீங்க நாற்காலியில உக்காந்து ஆசீர்வாதம் பண்ணுங்க. மடிக்கு நான் இருக்கேன்லா."

நான் வாயைத் திறக்கும் முன் தங்கை குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். "மடி இருக்கிறவங்க எல்லாம் தாய்மாமனா? எங்க அண்ணன் மடியில உக்காந்துதான் எம்மவளுக்குக் காது குத்தணும். மூணு வயசுல பாத்துக்கலாம்."

அன்றும் முதல் பந்தியில்தான் உட்கார்ந்தேன். பொய் சொல்ல மாட்டேன், மூன்று முறை சோறு வாங்கினேன். எதுவும் ருசிக்கவில்லை.

நடந்து பார்த்தேன், சோற்றைக் குறைத்துப் பார்த்தேன். நான்கு கிலோ இறங்கும், ஐந்து கிலோ ஏறும். கடைசியில் ஜொகூர் பாருவில் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். என் மகள் வயதுதான் இருக்கும்.

"அங்கிள், இரைப்பையில பெரும்பகுதியை வெட்டி எடுத்திருவோம். மிச்சம் ஒரு வாழைப்பழம் அளவுதான் இருக்கும்."

"எந்த வாழைப்பழம்? பெரிய பீசாங் தண்டோக்கா, சின்ன பீசாங் மாஸா?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். ஆனால் என் மனைவி சிரிக்கவில்லை. "வலிக்கிற வயித்த வெட்டுவாங்க. நல்லா இருக்கிற வயித்த யாராச்சும் வெட்டுவாங்களா?" என்று அழுதாள். தங்கை சபதம் போட்டிருக்கும்போது நான் பயந்துகொண்டிருக்க முடியுமா? கையெழுத்துப் போட்டேன்.

வயிற்றில் ஐந்து சின்ன ஓட்டை போட்டு, அதன் வழியாகவே வேலையை முடித்தார்கள். மறுநாள் சாயங்காலத்துக்குள் வார்டை எட்டுச் சுற்று நடந்தேன். பக்கத்துக் கட்டில் ஆள் என்னைவிட இருபது வயது சின்னவன், இரண்டு சுற்றில் படுத்துவிட்டான். மலாய்க்கார நர்ஸ் என் கையில் மருந்து ஊற்றுகிற சின்னக் கப் ஒன்றைக் கொடுத்து, "பாக்சிக், சிக்கிட் சிக்கிட்லா" என்றாள். கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டுமாம். தண்ணீரோ சூப்போ, அந்தக் கப்பில்தான்.

மூன்றாவது வாரம் ஒரு தப்புச் செய்தேன். லாரிக்காரன் நுரைக்க ஆற்றிய தே தாரேக் டீ குடிக்கிறதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும், நின்றபடி ஒரே மூச்சில் ஊற்றிக்கொண்டு கிளம்பிவிடுவோம். கடையில் சீனி இல்லாமல்தான் வாங்கினேன். கிளாஸ் கையில் வந்ததும் நாற்பது வருடப் பழக்கம் தானாக வேலை செய்துவிட்டது. நெஞ்சுக்குள் யாரோ சாக்கை அடைத்த மாதிரி இருந்தது. கால்வாய் ஓரம் உட்கார்ந்து அத்தனையும் வாந்தி எடுத்தேன். கடைக்காரர் பதறிப்போய் என் மனைவிக்குப் போன் போட்டார், அவளும் ஓடி வந்தாள்.

"ஆஸ்பத்திரியில எட்டுச் சுத்து நடந்த வீரரு, ஒரு கிளாஸ் தேத்தண்ணிக்கு விழுந்துட்டாரு" என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். சொல்லிவிட்டு அந்தக் கப்பை என் சட்டைப் பையில் போட்டாள்.

அதன் பிறகு கடையில் உட்கார்ந்து கப்பில்தான் குடித்தேன். "அண்ணே, சாமிக்குப் படைக்கிற மாதிரில்ல இருக்கு" என்பார் கடைக்காரர். ஒரு கிளாஸ் தீர ஒரு மணி நேரம் ஆகும். இருபது வருடம் அந்தக் கடையில் குடித்திருக்கிறேன். அவருக்கு மூன்று பெண்கள் என்பது அந்த மாதம்தான் எனக்குத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமைதோறும் ஒத்திகை. மருமகளின் எடையைத் தங்கை போனில் சொல்வாள். அதே எடைக்கு அரிசியைப் பையில் கட்டி, தரையில் உட்கார்ந்து மடியில் வைத்துப் பார்ப்பேன். அவள் ஏறினாள், நான் இறங்கினேன். ஆரம்பத்தில் பை உருண்டு ஓடியது. ஐந்தாம் மாதம் சாய்ந்தபடி நின்றது. பத்தாம் மாதம் சம்மணம் போட்டேன், பை அசையவே இல்லை.

"மடி வந்துருச்சு!" என்று கத்தினேன்.

"மெதுவா கத்துங்க. ரோட்டுல போறவங்க எல்லாம் வந்து உக்காந்துறப் போறாங்க" என்றாள் மனைவி.

மருமகளுக்கு மூன்று வயது ஆனது. அதே மண்டபம், அதே ஆசாரி, அதே இருபத்தோரு தட்டு. நான் தொண்ணூற்றொரு கிலோ. பட்டு வேட்டி கட்டி, சட்டை போடாமல் தோளில் துண்டோடு சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். குழந்தையை மடியில் வைத்தார்கள். உட்கார்ந்தாள். ஆனால் ஊசியைப் பார்த்ததும் எழப் போனாள்.

"மாமா, வலிக்குமா?"

அரிசிப் பை இதைக் கேட்டதில்லை. வலிக்காது என்று சொல்லத்தான் வாய் வந்தது. அந்த முகத்தைப் பார்த்து முடியவில்லை.

"கொஞ்சம் வலிக்கும்டா. உனக்கு ரெண்டு ஓட்டதான். மாமாவுக்கு அஞ்சு போட்டாங்க, பாரு."

துண்டை விலக்கி வயிற்றைக் காட்டினேன். தழும்புகளை விரலால் தொட்டு எண்ண ஆரம்பித்தாள். ஒண்ணு, ரெண்டு, மூணு. அந்த மூணில் ஆசாரி முதல் காதைக் குத்திவிட்டார். கெட்டிக்காரர். வீறிட்டு அழுதாள், என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள், அதே பிடியில் இரண்டாவது காதும் முடிந்தது. ஒரு தரம்கூட வழுக்கவில்லை. தங்கை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சித்தப்பா மகனை ஒரு பார்வை பார்த்தாள்.

அழுத களைப்பில் குழந்தை என் மடியிலேயே தூங்கிவிட்டாள். பந்தி போட்டார்கள். சித்தப்பா மகனே வந்து கூப்பிட்டான். "அண்ணே, முதல் இலை காத்துட்டு இருக்கு."

"நீ போய் உக்காரு" என்றேன்.

முதல் பந்தி முடிந்தது. இரண்டாவது பந்தியும் முடிந்தது. மூன்றாவதில் என் மனைவி ரசத்தை அந்தச் சின்னக் கப்பில் ஊற்றிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். குழந்தை தலையில் சிந்தாமல் மெல்லக் குடித்தேன். இரண்டு காலும் மரத்துப் போயிருந்தன.

"குழந்தைய நான் வாங்கிக்கவா?" என்றாள்.

"வேணாம், இருக்கட்டும்" என்றேன்.