தம்பியின் எலும்பும் ஆஸ்பத்திரியின் படமும்

கொழும்பு வெள்ளவத்தையில் கல்யாணக் கூறைச்சேலை எடுக்க வருகிறவர்கள், "ஜெகா அக்கா நிக்கிறாவோ?" என்று வாசலில் கேட்டுவிட்டுத்தான் அந்தக் கடைக்குள் ஏறுவார்கள். ஜெகதீஸ்வரி நின்றால் உள்ளே வருவார்கள். இல்லையென்றால் பின்னேரம் வருகிறோம் என்று திரும்பிவிடுவார்கள். காலி வீதியில் புடைவைக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் சேலையை விரித்துப் போட்டுவிட்டு, வாங்குகிறவள் வாய் திறக்கும்வரை பேசாமல் நிற்கத் தெரிந்த விற்பனைப் பெண் அவள் ஒருத்திதான். சிங்கள வாடிக்கையாளர்களோடு பழகிப் பழகிச் சிங்களமும் அவள் நாக்கில் நன்றாகப் படிந்திருந்தது. நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் சரிவரவில்லை. அதைப் பற்றி அவள் யாரோடும் கதைப்பதுமில்லை. தாயும் தகப்பனும் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் இருந்தார்கள். தம்பி சிவபாலன் மட்டும் அவளோடு, கடற்கரைப் பக்க ஒழுங்கையொன்றில், ஒரு மேல்மாடி அறையில் இருந்தான்.

சிவபாலன் ஓர் இரும்புச் சாமான் கடையில் கணக்கெழுதினான். தொண்ணூற்றைந்தில் ஒரு மழை நாள், பம்பலப்பிட்டியில் அவன் போன மோட்டார்சைக்கிளை பஸ் ஒன்று தட்டிவிட்டது. வலது தொடை எலும்பு இரண்டாக முறிந்தது. பொரளைப் பக்கமிருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். காலில் வீக்கம் வற்றும்வரை, முழங்காலுக்குக் கீழே எலும்புக்குக் குறுக்கே ஒரு கம்பியைச் செலுத்தி, அதில் பாரம் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். பிறகு தொடையைத் திறந்து தகடு வைத்து ஆணி முடுக்கினார்கள். கால் சரியாயிற்று. தொடையில் நீளத் தழும்பொன்றும், கம்பி போய் வந்த இடத்தில் இரண்டு பக்கமும் வட்டமாக இரண்டு வடுக்களும் மிஞ்சின. வீட்டுக்கு வரும்போது ஆஸ்பத்திரி என்ன வைத்தியம் செய்ததென்று எழுதிய ஒரு துண்டு கொடுத்தது. எக்ஸ்ரே படங்களை அவர்களே வைத்துக்கொண்டார்கள். அது தங்களுக்கு வேண்டியதென்று அக்காவுக்கும் தோன்றவில்லை, தம்பிக்கும் தோன்றவில்லை.

தொண்ணூற்றெட்டில் அது வேண்டியதாயிற்று.

கொழும்பில் குண்டு வெடித்த ஒரு கிழமைக்குள் படையினரும் பொலிஸாரும் அந்த ஒழுங்கையைச் சுற்றி வளைத்தார்கள். பால்காரன் வருகிற நேரம். ஆண்களை வீதியில் வரிசையாக நிறுத்தி அடையாள அட்டை பார்த்தார்கள், பொலிஸ் பதிவு பார்த்தார்கள். சிவபாலனிடம் எல்லாமே இருந்தது. ஆனால் புலிகளோடு நின்று காயப்பட்டவனா என்று பார்க்கச் சாரத்தை உயர்த்தச் சொன்னபோது, காலில் இருந்த தழும்புகளை அவனால் மறைக்க முடியவில்லை. ஜெகதீஸ்வரி படியிறங்கி ஓடி வருவதற்குள் ட்ரக் காலி வீதிக்குத் திரும்பிவிட்டது.

பொலிஸ் நிலையத்தில் அவளை நெடுநேரம் வாங்குப் பலகையில் இருத்தி வைத்தார்கள். கடைக்கு வருகிற பெண்கள் இரண்டு பேர் வாசலால் போனார்கள். அவளைக் கண்டும் காணாதவர்கள்போல் போனார்கள். கடைசியில் ஓர் அதிகாரி கூப்பிட்டார். அவள் ஆஸ்பத்திரித் துண்டை அவர் முன்னால் வைத்தாள்.

"தொடை எலும்பு முறிவு, தகடு வைத்தது என்றுதான் இதில் இருக்கிறது" என்றார் அவர், சிங்களத்தில். "வெடிபட்டு முறிந்தாலும் தகடு வைக்கலாம். முழங்காலுக்குக் கீழே ஒரு பக்கம் ஓட்டை, மற்றப் பக்கம் ஓட்டை. அது என்ன? குண்டு போன வழி இல்லையா?"

"இல்லை சேர். அது பாரம் கட்டிய கம்பி போன வழி. ஆஸ்பத்திரியில் போட்டது."

"இந்தத் துண்டில் கம்பி எங்கே இருக்கிறது?"

துண்டில் கம்பி இல்லை.  ஆனால் அவளுக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. கட்டிலோடு சேர்த்துத்தான் அன்றைக்குப் படம் எடுத்தார்கள். கம்பி காலுக்குள் குறுக்கே நிற்கும்போதே எடுத்தார்கள். அவள் பக்கத்தில் நின்றவள்.

"எக்ஸ்ரேயில் இருக்கிறது சேர். அதைக் கொண்டு வந்தால் பார்ப்பீர்களா?"

"கொண்டு வா, பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அதை அவர் ஒரு பேச்சுக்குச் சொல்லியிருக்கலாம். ஜெகதீஸ்வரி அதை வாக்காக எடுத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியின் பதிவேட்டு அறை நிலக்கீழ்த் தளத்தில் இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் முகம் கோணாமல் கேட்டாள். பெயரையும் ஆண்டையும் குறித்தாள். பிறகு, படங்கள் ஆஸ்பத்திரிக்குச் சொந்தம், வெளியே கொடுப்பதில்லை என்றாள். வேண்டுமென்றால் நோயாளி நேரில் வந்து எழுதிக் கொடுக்கட்டும்.

"அவரால் வர முடியாது. அதனால்தான் நான் வந்தேன்."

"ஏன் வர முடியாது?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். பொய் பிடிபட்டால் இந்தக் கதவும் சாத்தப்படும். "பொலிஸில் இருக்கிறார்" என்றாள்.

அந்தப் பெண் எழுதிய பேனையை மேசையில் வைத்துவிட்டாள். "அப்படியென்றால் பொலிஸ் எழுதிக் கேட்க வேண்டும், நோனா. எங்களால் ஒன்றும் செய்ய முடியாது."

பொலிஸுக்குப் போனாள். நாங்கள் ஏன் எழுத வேண்டும், உன் தம்பி சுத்தமென்று காட்ட வேண்டியது நீதானே என்றார்கள். மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனாள். பொலிஸ் எழுதினால் மட்டும்தான் என்றார்கள். பஸ்ஸில் இரண்டுக்கும் நடுவே அலைந்ததில் செருப்பின் வார் அறுந்தது. பொரளைச் சந்தியில் ஒரு சப்பாத்துத் தைக்கிறவனுக்கு முன்னால் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு யோசித்தாள். பதிவேட்டு அறைப் பெண்ணிடம் கேட்பது, விலை குறைக்கச் சொல்லி விற்பனைப் பெண்ணிடம் கேட்பது மாதிரி. அவள் கையில் அந்த அதிகாரமே கிடையாது. கேட்க வேண்டியது முதலாளியிடம்.

எலும்பு டொக்டர் பின்னேரங்களில் அங்கேயே நோயாளிகளைப் பார்ப்பார். ஜெகதீஸ்வரி தன் பெயரில் ஓர் இலக்கம் எடுத்து, கால் கட்டுப் போட்டவர்களுக்கும் கைத்தடி பிடித்தவர்களுக்கும் நடுவே குந்தியிருந்தாள். முறை வந்ததும் உள்ளே போய் இருந்தாள்.

"எங்கே நோகிறது?" என்றார் டொக்டர்.

"எனக்கு ஒரு வருத்தமுமில்லை, டொக்டர். என் தம்பியின் காலைப் பற்றிக் கேட்க வந்தேன். நீங்கள் தகடு வைத்த கால்." விஷயத்தை ஒழுங்காக, அழாமல், தொடக்கத்திலிருந்து சொன்னாள். அழுதால் இவர் ஆறுதல் சொல்லி அனுப்பிவிடுவார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

டொக்டருக்கு சிவபாலனை நினைவில்லை. "எத்தனையோ கால்கள்" என்றார். ஆனால் குறுக்குக் கம்பி என்றதும் நிமிர்ந்தார். "அதைக் குண்டுக் காயம் என்கிறார்களா?" என்றார். தொலைபேசியில் கீழே அழைத்துப் படங்களைக் கொண்டுவரச் சொன்னார். பழுப்பு உறை வந்தது. ஒரு படத்தை வெளிச்சப் பெட்டியில் செருகினார். கறுப்புக்குள் வெள்ளையாக சிவபாலனின் முழங்கால். அதற்குக் கீழே, எலும்பை ஊடறுத்து, அம்பு மாதிரி நேரான ஒரு கம்பி. மூலையில் பெயர், திகதி. 

"இதைத் தாங்கோ டொக்டர், கொண்டுபோய்க் காட்டிவிட்டுத் தருகிறேன்."

படத்தோடு வந்திருந்த பதிவேட்டு அறை மேலாளர் தலையை ஆட்டினார். மூலப் படம் பொலிஸுக்குள் போனால் திரும்பி வராது, நாளைக்கு வழக்கென்று வந்தால் ஆஸ்பத்திரிதான் பதில் சொல்ல வேண்டும், பிரதி எடுக்கிற வசதியும் இங்கே இல்லை என்றார்.

ஜெகதீஸ்வரி குரலை உயர்த்தவில்லை. கடையில் சேலையை விரித்து வைத்துவிட்டு நிற்கிற மாதிரியே நின்றாள். "எலும்பு அவனுடையது, ஐயா. அதன் படம் மட்டும் எப்படி உங்களுடையதாகும்?"

 டொக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரி, தர வேண்டாம்" என்றாள் அவள். "நான் ஒரு ஃபோட்டோக்காரரைக் கூட்டிவந்தால், இந்த வெளிச்சப் பெட்டியில் வைத்து, உங்கள் கண் முன்னாலேயே அதைப் படம் எடுக்க விடுவீர்களா? உங்கள் படம் இந்த அறையை விட்டு வெளியே போகாது."

மேலாளர் டொக்டரைப் பார்த்தார். டொக்டர் சிரித்துவிட்டார். "எடுக்கட்டும். பிரதியின் பின்பக்கத்தில் நான் கையெழுத்துப் போடுகிறேன்" என்றார்.

வெள்ளவத்தையில் ஸ்டூடியோ வைத்திருந்த மர்ஸூக், கல்யாண வீடுகளில் அவளுக்குப் பழக்கம். விஷயத்தைக் கேட்டதும் அவர் கடைக் கதவைப் பாதி சாத்தினார்.

"அக்கா, இந்த நாளையில கெமராவத் தூக்கிக்கொண்டு பொரளைக்குப் போறதா? செக்பொயின்டுல புடிச்சா என்னத்தச் சொல்ற?"

"உண்மையைச் சொல்லுவம். ஆஸ்பத்திரியில படம் எடுக்கப் போறம் எண்டு."

"உங்கட தம்பிய உண்மையச் சொல்லியும்தானே உள்ள போட்டிருக்கிறாங்க."

"அதுக்குத்தான் மர்ஸூக், காட்டுறதுக்கு ஒண்டு வேணும். நீங்கள் வராட்டில் நான் வேற ஆளைக் கேப்பன். ஆனா உங்களைப்போல வடிவா எடுக்க ஆளில்லை."

மர்ஸூக் பெருமூச்சு விட்டார். மகளின் பிறந்தநாள் அல்பம் ஒன்றை எடுத்துப் பையின் மேலே வைத்தார், கேட்டால் காட்ட. பிறகு முக்காலியைத் தூக்கினார். இரண்டு இடத்தில் பஸ்ஸை நிறுத்திச் சோதித்தார்கள். இரண்டாவது இடத்தில் இளம் சிப்பாய் ஒருவன் பையைத் திறந்து, அல்பத்தைப் புரட்டி, கேக் வெட்டும் பிள்ளையைப் பார்த்துவிட்டு மூடித் தந்தான். மர்ஸூக்கின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

மின்குமிழை அணைத்துவிட்டு, வெளிச்சப் பெட்டிக்கு முன்னால் முக்காலியை நாட்டி, ஒவ்வொரு படத்தையும் இரண்டு முறை எடுத்தார். மேலாளர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த நாள் பிரதிகள் தயாராகின. டொக்டர் ஒவ்வொன்றின் பின்னாலும், இது இன்னாரின் கால், இன்ன திகதி, பாரம் கட்டுவதற்காக நான் செலுத்திய கம்பி என்று எழுதி, கையெழுத்திட்டு, முத்திரை குத்தினார். ஒரு தொகுதியைத் தன் மேசையில் வைத்துக்கொண்டார்.

பொலிஸ் அதிகாரிக்கு அவளை மறந்துபோயிருந்தது. ஃபோட்டோக்களைக் கையில் எடுத்தவர், யன்னலோரம் போய் வெளிச்சத்தில் பிடித்தார். கம்பியை விரலால் தடவிப் பார்த்தார். பின்பக்கத்தைப் படித்தார்.

"இது ஃபோட்டோதானே. யாரும் செய்யலாம்."

"ஓம் சேர், செய்யலாம். அதுதான் டொக்டரின் நம்பர் கீழே இருக்கிறது. இப்போது அவர் ஆஸ்பத்திரியில் இருப்பார்."

 அவர் தொலைபேசியை இழுத்தார். மற்றப் பக்கத்தில் டொக்டர் என்ன சொன்னாரோ, இவர் "ஹரி சேர், ஹரி சேர்" என்று சிங்களத்தில் சரி சொல்லித் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

அன்றைக்கே விடவில்லை. சட்ட வைத்திய அதிகாரியிடம் கொண்டுபோனார்கள். அவர் மூலப் படங்களை எழுதிக் கேட்டார். பொலிஸ் எழுத மறுத்த கடிதம் இப்போது தானாகவே ஆஸ்பத்திரிக்குப் போயிற்று. காலையும் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இது வெடிக்காயமல்ல என்று அவர் எழுதிக் கொடுத்தார். அதற்குப் பிறகும் இழுத்தடித்து, ஒரு மாதம் கழிந்துதான் நீதவான் சிவபாலனை விட்டார். அவன் மெலிந்து, தாடியோடு வந்தான். உள்ளே என்ன நடந்ததென்று அவன் சொல்லவில்லை, அவளும் தோண்டவில்லை. வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். அவன் சாப்பிட்டுவிட்டு ஒரு பகல் முழுக்க நித்திரை கொண்டான்.

எழும்பியதும், "இனி எல்லாம் முடிஞ்சுதுதானே அக்கா?" என்று கேட்டான்.

"எங்க முடிஞ்சது? நாளைக்கு வேற ட்ரக் வரும், வேற ஆள் இருப்பான். வெளிக்கிடு, ஆஸ்பத்திரிக்குப் போவம்."

பதிவேட்டு அறைக் கண்ணாடிக்கு முன்னால் சிவபாலன் தானே எழுதிக் கையெழுத்திட்டான். சட்ட வைத்திய அதிகாரியிடமிருந்து திரும்பி வந்திருந்த பழுப்பு உறையைப் பார்த்துவிட்டு மேலாளர் ஜெகதீஸ்வரியைப் பார்த்தார். முதல் நாள் சொன்ன அதே நியாயங்களைத் தொடங்கினார். பாதியில் தானே நிறுத்திக்கொண்டார். டொக்டரைக் கேட்டுவிட்டு உறையைக் கையில் கொடுத்தார். மர்ஸூக் அந்தக் கம்பிப் படத்தைச் சட்டைப் பையளவுக்குச் சிறிதாக்கி, டொக்டரின் எழுத்தைப் பின்னால் வைத்து, பிளாஸ்டிக் உறையில் ஒட்டிக் கொடுத்தார். சிவபாலன் அதை அடையாள அட்டையோடு கொண்டு திரிந்தான். காட்ட வேண்டிய தருணங்கள் வந்தன. சில இடங்களில் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்கள். ஒரு தடவை மட்டும் ஒரு பகல் முழுக்க இருத்தி வைத்துப் பிறகு போக விட்டார்கள்.

கதை ஒழுங்கைக்குள் பரவ நாளெடுக்கவில்லை. முதலில் வந்தவள் கீழ் வீட்டுச் சீனியம்மா. அவளுடைய மகனுக்கு வயிற்றில் ஒப்பரேஷன் செய்த தழும்பு. "தங்கச்சி, நான் கேட்டனான், தரமாட்டம் எண்டுட்டினம். நீர் ஒருக்கா வந்து கேட்டுப் பாருமன்" என்றாள். ஜெகதீஸ்வரி கடையில் அரைநாள் லீவு எடுத்துக்கொண்டு கூடப் போனாள். பிறகு கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தாய் தேடி வந்தாள். யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் வந்து லொட்ஜில் நின்றவர்கள் வந்தார்கள். எல்லோருக்கும் அவள் ஒன்றைத்தான் சொன்னாள். "வருத்தம் மாறி வீட்ட வெளிக்கிடேக்கையே கேளுங்கோ. பிறகு கேட்டா நாங்கள் கெஞ்சிறம். அப்ப கேட்டா எங்கட சாமானைக் கேக்கிறம்."

சில ஆஸ்பத்திரிகள் கொடுத்தன. சில கொடுக்கவில்லை. கொடுக்காத இடத்தில் மர்ஸூக்கைக் கூட்டிப்போனாள். மர்ஸூக்கும் முணுமுணுத்துக்கொண்டே போனார்.

இரண்டாயிரமாம் ஆண்டு அவளுக்கே வயிற்றில் ஒரு குத்து வந்தது. பித்தப்பையில் கல்லாக இருக்கலாம், ஸ்கேன் எடுக்க வேண்டுமென்றார் வேறொரு டொக்டர். சிவபாலன்தான் கூட்டிப்போனான். அறைக்குள் குளிர். வயிற்றில் பூசக் களிம்போடு நின்ற இளம் பெண், கட்டிலில் ஏறச் சொன்னாள். ஜெகதீஸ்வரி ஏறவில்லை. கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"எடுத்த படத்தையும் ரிப்போர்ட்டையும் என்ர கையில தருவியளோ பிள்ளை?"

"முதல்ல படுங்கோ மிஸ், எடுத்து முடிய அதைக் கதைப்பம்."

"இல்லைப் பிள்ளை" என்றாள் ஜெகதீஸ்வரி. "கதைச்சிட்டுப் படுக்கிறன்."