நாற்பது இடது கால்கள்

பயிற்சிக்கு வந்த மூன்றாம் வாரமே அவளுக்கு 'நோட்டு அக்கா' என்று பெயர் விழுந்துவிட்டது. வீடில்லாத பெண்களும் பிள்ளைகளும் தங்கும் அந்தக் காப்பகத்தில் யார் தும்மினாலும் நோட்டில் எழுதிக்கொள்வாள். "எதையும் கவனிச்சு எழுது" என்று கல்லூரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பாவம், எழுதினாள், கவனிக்கத்தான் இல்லை.

பெயர் வைத்தவளுக்கு வயது ஏழு. பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவது, குழாயை மூடச் சொல்லி அதட்டுவது என்று வார்டன் அம்மாவின் வேலையில் பாதியைப் பார்த்ததால் அவள் 'சின்ன வார்டன்'. ஊரையே அதட்டுவாள், ஆனால் படுக்கும்போது செருப்பைக் கழற்றமாட்டாள். நோட்டு அக்கா கெஞ்சிப் பார்த்தாள், கதை சொல்லிப் பார்த்தாள்.

"திடீர்னு கிளம்பச் சொன்னா? இருட்டுல யாரு செருப்பைத் தேடுறது?" என்றாள் சின்ன வார்டன்.

பக்கத்துக் கட்டிலில் அவள் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இதை மட்டும் எழுத நோட்டு அக்காவுக்குக் கை வரவில்லை.

திங்கட்கிழமை சின்ன வார்டனுக்குப் புதுப் பள்ளி. கறுப்பு ஷூ இல்லாமல் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். போன பள்ளியில் செருப்பைப் பார்த்துச் சிரித்தார்களாம், ஒரே வாரத்தில் நின்றுவிட்டாள். "ஷூவுக்கு நான் பொறுப்பு" என்று நோட்டு அக்கா ஆழம் தெரியாமல் காலை விட்டாள்.

தைரியத்துக்குக் காரணம் இருந்தது. மூடப்போகிற ஷூக்கடை ஒன்றிலிருந்து போன வாரமே பெரிய பெட்டி வந்திருந்தது. ஜோடி சேர்த்துப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட வேண்டும் என்பது காப்பகத்துச் சட்டம். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்தா பார்ப்பார்கள்? மேலோட்டமாக எண்ணினாள். நாற்பது. 'இருபது ஜோடி' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, பெட்டியைப் பூட்டி வைத்தாள்.

ஞாயிறு காலை திறந்தார்கள். சின்ன வார்டனின் இடது காலுக்கு ஒன்று கச்சிதமாகப் பொருந்தியது. வலது காலுக்குத் தேடினால் இடது. அடுத்ததும் இடது. நாற்பதும் இடது! நோட்டு அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சமையல் அக்கா மட்டும் இரண்டு இடதுகளை மாட்டிக்கொண்டு கூடத்தைச் சுற்றினாள். "வாசலுக்குக் கிளம்பினா குளியலறைக்குப் போய் நிக்கிறேன்டி!"

எல்லாரும் சிரித்தார்கள். சின்ன வார்டன் சிரிக்கவில்லை. இடது ஷூவைக் கழற்றி மெதுவாகப் பெட்டியில் வைத்தாள். அதைப் பார்த்ததும் நோட்டு அக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது.

கடைக்காரருக்குப் போன் போட்டாள்.

"பார்வைக்குக் கண்ணாடிக்குள்ள வச்சிருந்த ஒத்தை ஷூவெல்லாம் ஒரு பெட்டி. உள்ள இருந்த அதோட ஜோடியெல்லாம் இன்னொரு பெட்டி... ஐயையோ, அது முதியோர் இல்லத்துக்குப் போயிடுச்சேம்மா!"

நோட்டைக்கூட எடுக்காமல் ஓடினாள். முதியோர் இல்லத்துச் சுவரோரம் நாற்பது வலது ஷூக்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் மண்; மண்ணில் பச்சைப் பசேலென்று வெந்தய முளை. பூவாளியோடு நின்ற ஓய்வுபெற்ற தபால்காரர் சொன்னார்: "கடைக்காரனுக்கு எங்க மேல என்ன கோபமோன்னு நினைச்சோம். சரி, வந்ததை வீணாக்குவானேன்?"

விஷயத்தைக் கேட்டதும், சின்ன ஷூவிலிருந்த முளையைத் தன் பல் துலக்கும் குவளைக்கு மாற்றிவிட்டு ஷூவைக் கழுவிக் கொடுத்தார். "மத்ததெல்லாம் அறுவடை முடிஞ்சு அனுப்புறேன்."

திங்கள் மாலை நோட்டு அக்கா வாசலிலேயே நின்றாள்.

"சிரிச்சாங்களா?"

"சிரிச்சாங்க. வலது ஷூவுலேருந்து மண்ணு கொட்டுச்சு. தாத்தாங்க கதையைச் சொன்னேன். டீச்சரே விழுந்து விழுந்து சிரிச்சாங்க. நாளைக்கு மிச்சக் கதை சொல்லணுமாம்."

இரவு எட்டு மணிக்கு நோட்டு அக்கா கட்டில்களைப் பார்வையிட வந்தபோது, போர்வைக்கு வெளியே இரண்டு வெறுங்கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

"ஷூ எங்கடி? செருப்பு?"

"வாசல் அலமாரியில." சின்ன வார்டன் கண்ணைத் திறக்கவில்லை. "காலையில அங்கதானே இருக்கும்?"

"அங்கதான் இருக்கும்" என்றாள் அவள் அம்மா.