கை தனியாக வராது

எங்கள் ஸ்டுடியோவில் அவளுக்கு ஜூம் அக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் எங்கோ இருக்கும், யாரும் அதைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எந்தப் படத்தைக் கொடுத்தாலும் முதலில் பெரிதாக்கி, மூக்கு மயிர் வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடுவாள். கவுண்டரில் உட்கார்ந்து வருகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பதும், அவர்கள் கேட்பதை உள்ளே போய்ச் சொல்வதும் என் வேலை. கேட்டதைச் செய்து கொடுப்பது அவள் வேலை.

ஜனங்கள் கேட்பதற்கு ஒரு அளவே கிடையாது. தொப்பையைக் குறை, வழுக்கையில் முடி வை, வராத தம்பியை வந்த மாதிரி நிறுத்து, சண்டை போட்ட சம்பந்தியைத் தூக்கு. ஜூம் அக்கா முகம் சுளிக்க மாட்டாள். ஒவ்வொரு ஆளையும் ஓரம் பிசகாமல் பிரித்துத் தனித்தனி லேயரில் போடுவாள். லேயர் என்றால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தாள் மாதிரி. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சின்னதாக ஒரு கண் படம் இருக்கும். அதைத் தட்டினால் ஆள் மறைவார், மறுபடி தட்டினால் வந்து நிற்பார். அவள் யாரையும் அழிப்பதில்லை, மறைத்துத்தான் வைப்பாள். இன்றைக்கு ஆகாத சம்பந்தி நாளைக்கு ஆகிவிடுவார் என்று அவளுக்குத் தெரியும்.

அவளையே வாழப்போன வீட்டில் தூக்கிவிட்டார்கள். பக்கவாதத்தில் விழுந்த மாமனாரை நாலு வருஷம் ஊட்டி, துடைத்து, புரட்டிப் படுக்க வைத்துப் பார்த்துக்கொண்டவள் அவள். அவர் கண்ணை மூடிய பிறகுதான் புருஷனுக்கு அவளிடம் இல்லாத குறையெல்லாம் தெரிய ஆரம்பித்தது. பக்கத்தில் நின்று தூபம் போட்டவள் நாத்தனார். எப்போதாவது சென்ட் மணக்க வந்து, அறை வாசலில் நின்றபடியே "அப்பா எப்படி இருக்கார்?" என்று கேட்டுவிட்டுப் போகிற மகராசி. அந்த அம்மாளைப் பற்றிப் பேச்சு வந்தால் ஜூம் அக்காவின் கையில் மவுஸ் படாத பாடு படும். ஒரு நாள் என்னிடம் மாட்டாமலா போய்விடுவாள் என்பாள்.

மாட்டினாள். ஆனால் அவள்தான் இவள் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

சென்ட் வாசனையோடு ஒரு அம்மாள் பழைய குடும்பப் படம் ஒன்றைக் கொண்டுவந்தாள். நடுவில் நாற்காலியில் ஒரு பெரியவர். சுற்றிலும் பிள்ளைகள் எல்லாரும் கேமராவைப் பார்த்துப் பல் தெரியச் சிரிக்கிறார்கள். நாற்காலிக்குப் பின்னால் ஒருத்தி மட்டும் குனிந்து பெரியவரையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். முகம் தெரியவில்லை, தலை வகிடும் அவர் தோள்மேல் ஒரு கையும்தான் தெரிந்தன. புது வீட்டு ஹாலில் மாட்டப் பெரிதாக வேண்டும், குனிந்து நிற்கிறவளை எடுத்துவிட்டு அங்கே தம்பி பெண்டாட்டியை வைக்க வேண்டும் என்று இன்னொரு போட்டோவையும் நீட்டினாள். எடுக்க வேண்டியவர் யார் என்று சும்மாதான் கேட்டேன்.

"அப்பாவப் பாத்துக்க வெச்சிருந்த வேலைக்காரி. போட்டோ எடுக்கறப்போ நகரத் தெரியாம நின்னுட்டா."

நானும் கிளிப்பிள்ளை மாதிரி உள்ளே போய் அப்படியே ஒப்பித்தேன். ஜூம் அக்கா படத்தை ஸ்கேன் செய்து வழக்கம்போலப் பெரிதாக்கினாள். தோளில் இருந்த கையில் போய் நின்றாள். கட்டைவிரலுக்குக் கீழே ஒரு தீக்காயத் தழும்பு. மவுஸைப் பிடித்திருந்த கையிலும் அதே இடத்தில் அதே தழும்பு இருந்தது.

"வேலைக்காரின்னா சொன்னா?" என்று கேட்டாள்.

இந்த வேலையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம், ஏடாகூடமாக ஏதாவது செய்து முதலாளி காதுக்குப் போனால் சீட்டு கிழிந்துவிடும் என்று கெஞ்சினேன். கிழியட்டும் என்றாள். கேட்டதைக் கேட்டபடியே செய்து தருவேன், ஒரு மயிரிழை கூடக் குறையாது என்றாள். அதற்கப்புறம் யாரையும் ஸ்கிரீன் பக்கமே அண்டவிடவில்லை.

நாத்தனார் வாங்க வந்தபோது நான்தான் பிரிண்டைக் கவுண்டரில் விரித்தேன். குனிந்து நின்றவள் போன சுவடே இல்லை. அந்த இடத்தில் புது மருமகள் கையைக் கட்டிக்கொண்டு அழகாகச் சிரித்தாள். ஆனால் பெரியவர் சரிந்து கிடந்தார். தலை மார்பில் தொங்க, ஒரு தோள் இறங்கி, நாற்காலிக் கையைத் தாண்டிக் கீழே விழப்போகிறவர் போல இருந்தார். சுற்றி நின்ற பிள்ளைகள் ஒருவர்கூட அவரைப் பார்க்கவில்லை. எல்லாரும் அதே பழைய சிரிப்போடு கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கப்பாவை என்ன செய்து வைத்திருக்கிறீர்கள் என்று அந்த அம்மாள் போட்ட சத்தத்தில் முதலாளியே வெளியே வந்துவிட்டார். பின்னாலேயே ஜூம் அக்காவும் வந்தாள்.

"உள்ள வாங்க அண்ணி, காட்டறேன்."

நாத்தனார் முகத்தில் ஈயாடவில்லை. உள்ளே ஸ்கிரீனில் ஜூம் அக்கா ஒரு லேயரின் கண்ணை மூடி இன்னொன்றின் கண்ணைத் திறந்தாள். குனிந்தவள் வந்தாள், பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மாற்றித் தட்டினாள். புது மருமகள் வந்தாள், பெரியவர் சரிந்தார். நிமிர்ந்தார், சரிந்தார். நாத்தனார் போதும் என்றாள். ஜூம் அக்கா இன்னொரு முறை தட்டினாள்.

"ஆள எடுக்கச் சொன்னீங்க, எடுத்துட்டேன். ஆளு போனா ஆளு பாத்த வேலையும் சேந்துதான் போகும். அவரால தானா உக்கார முடியாதுன்னு வாசல்ல நின்னு பாத்தவங்களுக்கு எப்படித் தெரியும்?"

பின்னாலேயே வந்த முதலாளி ஸ்கிரீனை எட்டிப் பார்த்தார். நாத்தனார் குரலை இறக்கி, கையை மட்டும் விட்டுவிட முடியாதா என்று கேட்டாள்.

"கை தனியா வராது" என்றாள் ஜூம் அக்கா. "மொதல்ல அது யாருன்னு இவகிட்ட சொல்லுங்க."

நாத்தனார் என்னைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள்.

"எங்க வீட்டு மருமக. அவதான் அப்பாவப் பாத்துக்கிட்டா." பிறகு ஜூம் அக்காவிடம் திரும்பி, "பழையபடியே போட்டுக் குடு. நீ இருந்துட்டுப் போ" என்றாள்.

"இதக் கேக்கத்தான் காத்திருந்தேன். கேட்டாச்சு. ஆனா உங்க ஹால்ல வந்து நிக்க மாட்டேன்."

கடைசியாக ஒரு தட்டுத் தட்டிப் பெரியவரைச் சரிந்தபடியே விட்டுவிட்டு, என்னையும் முதலாளியையும் தாண்டி டீ குடிக்கப் போனாள்.

நாத்தனார் மெல்லக் கையை நீட்டி ஸ்கிரீனில் அப்பாவின் இறங்கிய தோளுக்குக் கீழே கொடுத்தாள், தாங்கிப் பிடிப்பதுபோல. கண்ணாடிதான் தட்டுப்பட்டது. எனக்கு ஒரு துளியும் பாவமாக இல்லை.